புகழ் தந்த தோல்வி

திண்டுக்கல் நகரில் ஓங்கி நிற்கும் பாறைக்கோட்டையின் மேல் ஏறி நோக்கினால், ஒரு புறம் சிறுமலையும், மேற்கே பழனிமலைத் தொடரும், இடையே பரந்து கிடக்கும் சமவெளியும் கண்ணுக்குத் தோன்றும். வற்றாத பேராறு எதுவும் பாயாத நிலம் அது; ஆழ்ந்த கிணறுகளை நம்பி வாழும் செம்மண் நிலம். மின்விசையால் இயங்கும் இறைப்பொறிகள் வருவதற்கு முன்னர், அக்கிணறுகளிலிருந்து நீர் இறைத்தவை கமலை மாடுகளே. ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்ட இரு காளைகள் சரிவிலே ஒருசேர இறங்கும், வடம் இழுபடும், சால் நிறைய நீர் மேலே வரும். இரண்டில் ஒன்று பின்தங்கினாலும், மற்றொன்று முந்திக்கொண்டாலும் சால் தள்ளாடும்; நீர் கிணற்றுக்குள்ளேயே சிந்திவிடும். வலிமை மட்டும் போதாது, இணக்கமும் வேண்டும் என்பதை அக்காளைகள் நாள்தோறும் உணர்த்தி வந்தன.

விளையாட்டுகளுள்ளும் இத்தகைய இணக்கத்தை வேண்டி நிற்பது ஒன்று உண்டு. அதுவே டென்னிஸில் ஆடவர் இரட்டையர் ஆட்டம். டென்னிஸ் ஆடுகளம் 78 அடி நீளம் உடையது. ஒருவரை ஒருவர் எதிர்த்தாடும் ஒற்றையர் ஆட்டத்தில் அதன் அகலம் 27 அடி. பக்கத்துக்கு இருவராக நால்வர் ஆடும் இரட்டையர் ஆட்டத்திலோ அகலம் 36 அடியாக விரியும். வலையின் உயரம் நடுவில் 3 அடி. இப்பரப்பினை இருவரும் தம்முள் பங்கிட்டுக் காக்கவேண்டும். எந்தப் பந்தைத் தான் அடிப்பது, எதைத் துணைவனுக்கு விடுவது என்பதை இமைப்பொழுதில் முடிவு செய்யவேண்டும். இருவருள் ஒருவர்தான் பந்தை அடித்து அனுப்பலாம் என்பது இவ்வாட்டத்தின் விதி. ஒருவரது மட்டை பந்தை மிக மெல்லத் தொட்டிருந்தாலும், அதன்பின் துணைவர் அதை அடித்தல் முறையன்று. அப்படி அடித்தால் அந்தப் புள்ளி எதிர்ப்பக்கத்தாருக்கு உரியதாகும்.

இச்சிறு விதியை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். நாட்டின் வெற்றி ஒரு புறமும், இவ்விதி மற்றொரு புறமுமாக நின்றபோது, விதியின் பக்கம் நின்ற பெருந்தகை ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் காட்ஃபிரீட் ஃபான் கிராம்.

பிறப்பும் இளமையும்

ஃபான் கிராம் 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் ஜெர்மனியின் வடபகுதியில் உள்ள நெட்லிங்கன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பழம்பெருமை வாய்ந்த நிலக்கிழார் குடியைச் சேர்ந்தவர். அவருக்கு ஆண்மக்கள் எழுவர். அவர்களுள் மூன்றாமவர் ஃபான் கிராம். செல்வத்துக்குக் குறைவில்லாத அவ்வீட்டில் கண்டிப்புக்கும் குறைவில்லை. பெரியோரை மதித்தல், பணியாளரிடமும் பணிவாகப் பேசுதல், சொன்ன சொல்லைக் காத்தல் ஆகியவை குடிப்பிறப்பின் கடமைகள் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டன.

சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் குதிரைக்குச் சர்க்கரைக் கட்டி ஊட்டிக்கொண்டிருந்தார். குதிரை அவருடைய வலக்கை விரல் ஒன்றின் நுனியைக் கடித்துத் துண்டித்துவிட்டது. டென்னிஸ் மட்டையைப் பற்றும் கைக்கு இத்தகைய ஊறு நேர்ந்தால் பலர் மனம் தளர்ந்திருப்பர். அவரோ குறைபட்ட கையோடு மட்டையைப் பற்றிப் பழகினார். டென்னிஸே தம் வாழ்வு என்று இளமையிலேயே உறுதி கொண்டார்.

1928ஆம் ஆண்டில் சட்டம் பயில்வதற்காகப் பெர்லின் மாநகர் சென்றார். அங்கே புகழ்பெற்ற ரோட்-வைஸ் டென்னிஸ் கழகம் இருந்தது. சட்ட நூல்களைக் காட்டிலும் அக்கழகத்தின் ஆடுகளங்களே அவரை மிகுதியும் ஈர்த்தன. அக்காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்பட்ட அமெரிக்கரான பில் டில்டன் அவருடைய ஆற்றலை உணர்ந்து ஊக்கமூட்டினார். நாள்தோறும் பல மணிநேரம் இடைவிடாது பயின்ற ஃபான் கிராம், சில ஆண்டுகளில் ஜெர்மனியின் முதல்வரானார். 1932 முதல் 1935 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஜெர்மானியச் சாம்பியன் பட்டம் அவருக்கே உரியதாயிற்று. 1934இல் ஆஸ்திரேலியரான ஜாக் கிராபோர்டையும், 1936இல் ஆங்கிலேயரான பிரெட் பெரியையும் இறுதி ஆட்டத்தில் வென்று, பிரெஞ்சுச் சாம்பியன் பட்டத்தை இருமுறை சூடினார்.

வெண்ணிற ஆடை; நிமிர்ந்த நடை; வென்றாலும் தோற்றாலும் மாறாத முகம்; நடுவரின் தீர்ப்புக்கு மறுமொழி கூறாத அடக்கம். இவற்றால் எந்த நாட்டில் ஆடினாலும் அவர் மக்களின் அன்பைப் பெற்றார். 1936ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவருடைய காலில் தசை பிடித்துக்கொண்டது. ஓட இயலவில்லை. ஆயினும் ஆட்டத்தைக் கைவிட்டுச் செல்லாமல், எதிராளியான பெரியின் வெற்றி முழுமையடையும் வரை நின்று ஆடித் தோற்றார். 1935, 1936, 1937 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை எட்டியும் அப்பட்டம் அவர் கைக்கு வரவில்லை.

இருள் சூழ்ந்த நாடு

இதற்கிடையே அவருடைய தாய்நாட்டில் பெரும் மாறுதல் நிகழ்ந்தது. 1933ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹிட்லரின் நாஜிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. யூதர்கள் வேலைகளிலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், விளையாட்டுக் கழகங்களிலிருந்தும் விலக்கப்பட்டனர். ஜெர்மனியின் டேவிஸ் கோப்பை அணியில் ஃபான் கிராமுடன் ஆடிய டேனியல் பிரென் என்னும் சிறந்த வீரர், யூதர் என்ற ஒரே காரணத்தால் அணியிலிருந்து நீக்கப்பட்டார். தம் ஆட்டத்தால் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர், நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

உயர்ந்த உருவமும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட ஃபான் கிராம் தங்கள் கட்சிக்கு நல்ல விளம்பரமாவார் என்று ஆட்சியாளர் எண்ணினர். கட்சியில் சேருமாறு அவரைப் பலமுறை வற்புறுத்தினர். அவர் சேரவில்லை. ஆட்சியாளரின் சினத்துக்கு அவரைக் காத்து நின்ற கேடயம் ஒன்றே. அஃது அவர் பெற்றுவந்த வெற்றி. வெற்றி நிற்கும் நாளில் அக்கேடயமும் வீழும் என்பதை அறிந்தே அவர் ஆடி வந்தார்.

இரட்டையர் ஆட்டம்

நாடுகளுக்கிடையே நடைபெறும் டேவிஸ் கோப்பைப் போட்டி 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்தியா 1921இல் முதன்முதலாக அதில் கலந்துகொண்டது. ஃபான் கிராமின் காலத்தில் அப்போட்டியில் இரு நாடுகள் மோதினால், மூன்று நாட்களில் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் நிகழும். நடுநாளில் நடைபெறும் இரட்டையர் ஆட்டம் துலாக்கோலின் முள் போன்றது. அது சாயும் பக்கமே பெரும்பாலும் வெற்றியும் சாயும்.

1935ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மனியும் அமெரிக்காவும் விம்பிள்டன் ஆடுகளத்தில் சந்தித்தன. இதில் வெல்லும் நாடே, கோப்பையைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்தை இறுதியாக எதிர்த்தாடும் உரிமை பெறும். ஜெர்மனிக்காக இரட்டையர் ஆட்டத்தில் இறங்கியவர்கள் ஃபான் கிராமும் காய் லுண்டும் ஆவர். எதிரே நின்றவர்கள் அமெரிக்காவின் வில்மர் அல்லிசனும் ஜான் வான் ரினும். அமெரிக்க இணையர் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடித் தேர்ந்தவர்கள். விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றவர்கள். லுண்டோ அத்துணைப் பெயர் பெற்றவர் அல்லர். ஆகவே, இணையின் பெரும்பாரம் ஃபான் கிராமின் தோள்மீதே இருந்தது.

ஆட்டம் ஐந்து செட்டுகள் வரை நீண்டது. ஒரு பக்கம் முந்துவதும், மறுபக்கம் எட்டிப்பிடிப்பதுமாக மணிகள் கழிந்தன. ஃபான் கிராம் தம் வலிமை முழுவதையும் திரட்டி ஆடினார். இன்னும் ஒரே புள்ளி கிடைத்தால் வெற்றி என்னும் நிலையை ஜெர்மனி பலமுறை எட்டியது. ஒவ்வொரு முறையும் அமெரிக்கர் தப்பினர்.

மீண்டும் ஒருமுறை அத்தகைய நேரம் வாய்த்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து இருவருக்கும் இடையே பாய்ந்து வந்தது. ஃபான் கிராம் எட்டி வீசினார். பந்து அவரைக் கடந்தது. பின்னால் நின்ற லுண்ட் அதை ஓங்கி அடித்தார். அமெரிக்கர் அதைத் திருப்ப இயலவில்லை. நடுவர் ஆட்டம் ஜெர்மனிக்கே என்று அறிவித்துவிட்டார். லுண்டின் வாழ்நாளில் அதனினும் பெரிய அடி வேறொன்று இருந்திருக்காது.

ஆனால் ஃபான் கிராம் கைகுலுக்க வலையை நோக்கி நடக்கவில்லை. நேரே நடுவரிடம் சென்றார். பந்து தம்மைக் கடந்தபோது தம் மட்டையின் ஓரத்தைத் தொட்டுச் சென்றது என்றும், ஆதலால் அந்தப் புள்ளி தங்களுக்கு உரியது அன்று என்றும் அமைதியாகக் கூறினார். நடுவர் அதைக் கண்டிலர். ஃபான் கிராம் வாய் திறவாது இருந்திருந்தால், தீர்ப்பு தீர்ப்பாகவே நின்றிருக்கும். அறிந்தது அவர் உள்ளம் ஒன்றே. அவ்வுள்ளத்தைச் சான்றாக வைத்து அவர் பேசினார். நடுவர் தம் தீர்ப்பை மாற்றினார். புள்ளி அமெரிக்கருக்குச் சென்றது. ஆட்டம் தொடர்ந்தது. இறுதியில் வெற்றி அமெரிக்கருக்கே வாய்த்தது. அம்மோதலில் ஜெர்மனி ஒன்றுக்கு நான்கு என்னும் கணக்கில் தோற்றது.

உடைமாற்றும் அறைக்குள் புகுந்ததும் ஜெர்மன் அணியின் பொறுப்பாளர் ஃபான் கிராமைக் கடிந்துகொண்டார். கைக்கு எட்டிய வெற்றியை எறிந்துவிட்டதாகவும், நாட்டுக்கே இரண்டகம் செய்துவிட்டதாகவும் குறை கூறினார். அதற்கு ஃபான் கிராம் அளித்த விடை சுருக்கமானது. தாம் இவ்விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததே இது பண்புடையோர் ஆடும் ஆட்டம் என்பதற்காகத்தான் என்றும், உண்மையைச் சொன்னதனால் ஜெர்மன் மக்களுக்கு இழிவு நேரவில்லை, பெருமையே சேர்ந்தது என்றும் அவர் தெரிவித்தார்.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒற்றையர் ஆட்டத்தில் உண்மை பேசுபவன் தன் வெற்றியை மட்டும் இழக்கிறான். இரட்டையர் ஆட்டத்திலோ துணைவனின் வெற்றியும் உடன் போகிறது. நாட்டுக்காக ஆடும்போது பல கோடி மக்களின் எதிர்பார்ப்பும் போகிறது. அவருக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. வெற்றி ஒன்றே அவருக்குக் காப்பு. இத்தனையையும் இழக்க நேரும் என்று தெரிந்தும் அவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. அதனாலேயே அவர் இழந்த அந்தப் புள்ளி, பிறர் பெற்ற பட்டங்கள் மறக்கப்பட்ட பின்னரும் நினைக்கப்படுகிறது.

பெருமையும் சிறுமையும்

1937ஆம் ஆண்டில் ஃபான் கிராமின் ஆட்டம் உச்சத்தை எட்டியது. ஹென்னர் ஹெங்கல் என்னும் இளையவர் அவருக்கு இரட்டையர் துணையாக அமைந்தார். இவ்விருவரும் அவ்வாண்டில் பிரெஞ்சுச் சாம்பியன் போட்டியிலும், அமெரிக்கச் சாம்பியன் போட்டியிலும் ஆடவர் இரட்டையர் பட்டங்களை வென்றனர்.

அதே ஆண்டு ஜூலை 20ஆம் நாள் டேவிஸ் கோப்பைக்காக அமெரிக்காவின் டொனால்டு பட்ஜை அவர் எதிர்த்தாடினார். இரு நாடுகளும் சமநிலையில் இருந்தமையால், முடிவு இவ்வொரு ஆட்டத்தையே நம்பி நின்றது. முதல் இரண்டு செட்டுகளை ஃபான் கிராம் வென்றார். அடுத்த இரண்டைப் பட்ஜ் வென்றார். ஐந்தாம் செட்டில் ஃபான் கிராம் நான்குக்கு ஒன்று என முன்னேறியிருந்தும், இறுதியில் எட்டுக்கு ஆறு என்னும் கணக்கில் பட்ஜ் வெற்றி கண்டார். டென்னிஸ் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. தோற்ற ஃபான் கிராம் வலையருகே நின்று, வென்றவரை மனமாரப் பாராட்டினார்.

1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள், வெளிநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பியிருந்த அவரை நாஜி அரசின் மறைகாவலர் கைது செய்தனர். ஆணுக்கும் ஆணுக்கும் இடையே காதல் உறவு இருத்தல் குற்றம் என்னும் சட்டம் அந்நாட்டில் இருந்தது. மனாசே ஹெர்ப்ஸ்ட் என்னும் யூத நடிகரோடு அத்தகைய உறவு கொண்டிருந்தார் என்று ஃபான் கிராம்மீது வழக்குத் தொடுத்தனர். நாட்டைவிட்டு வெளியேறிய அவருக்குப் பணம் அனுப்பி உதவியதும் குற்றமாகச் சாற்றப்பட்டது. ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகம் போற்றிய வீரர் கைதியாக அடைபட்டார்.

அப்போது அவருக்காகக் குரல் கொடுத்தவர்களுள் முன்நின்றவர் யார்? களத்தில் அவருக்கு எதிராளியாக நின்ற பட்ஜ்தான். அமெரிக்க விளையாட்டு வீரர் பலருடைய கையொப்பங்களைத் திரட்டி, ஜெர்மன் அரசுக்கு அவர் கண்டன மடல் விடுத்தார். வலைக்கு அப்பால் நின்றவர் பகைவர் அல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? அவ்வாண்டின் பிற்பகுதியில் ஃபான் கிராம் விடுதலை செய்யப்பட்டார்.

1939இல் இலண்டன் குவீன்ஸ் கழகப் போட்டியில் அவர் மீண்டும் ஆடினார். அமெரிக்கரான பாபி ரிக்ஸை 6-0, 6-1 என்னும் கணக்கில் எளிதாக வீழ்த்தினார். இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்தவர் நம் நாட்டு வீரர் கௌஸ் முகம்மது. அதிலும் ஃபான் கிராமே வென்றார். ஆனால் அடுத்து நிகழ்ந்த விம்பிள்டன் போட்டியில் அவர் ஆடவில்லை. அவரிடம் தோற்ற ரிக்ஸ் அங்குப் பட்டம் பெற்றார். கௌஸ் முகம்மது கால் இறுதி வரை முன்னேறி, அந்நிலையை எட்டிய முதல் இந்தியர் என்னும் சிறப்பைப் பெற்றார்.

போரும் அதன் பின்னும்

அவ்வாண்டிலேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஃபான் கிராம் படையில் சேர்க்கப்பட்டு, ரஷியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். உறைபனியால் அவருடைய கால்கள் கடும் துன்பம் அடைந்தன. வீரத்துக்காகப் பதக்கம் பெற்றும், பழைய வழக்கைக் காரணம் காட்டிப் படையிலிருந்து அவரை நீக்கினர். அவருடைய இரட்டையர் துணைவரான ஹெங்கல் 1943ஆம் ஆண்டு சனவரியில் ரஷியப் போர்முனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. ஆடுகளத்தில் தோளோடு தோள் நின்ற இணையைப் போர் இவ்வாறு பிரித்தது.

போர் முடிந்தபோது நாடு இடிபாடுகளாகக் கிடந்தது. அவர் வளர்ந்த ரோட்-வைஸ் கழகமும் சிதைந்திருந்தது. அக்கழகத்தை மீண்டும் எழுப்பும் பணியில் அவர் ஈடுபட்டார்; பின்னர் அதன் தலைவராகவும் விளங்கினார். 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் ஜெர்மானியச் சாம்பியன் ஆனார். இரண்டாவது முறை பட்டம் வென்றபோது அவருக்கு வயது 40. ஜெர்மனி மீண்டும் டேவிஸ் கோப்பைப் போட்டியில் சேர்க்கப்பட்டதும், 1953 வரை அதற்காக ஆடினார். அப்போட்டியில் அவர் ஆடிய ஆட்டங்கள் 102, வென்றவை 82.

பின்னர் அவர் பஞ்சு வாணிகத்தில் ஈடுபட்டார். நூற்பாலைகள் நிறைந்த நம் திண்டுக்கல் வட்டாரத்தார் பஞ்சின் அருமையை நன்கு அறிவர். அப்பஞ்சு வாணிகம் பொருட்டு எகிப்து நாட்டுக்குச் சென்றிருந்தபோது, 1976ஆம் ஆண்டு நவம்பரில், கெய்ரோ நகருக்கு அருகே நேர்ந்த கார் விபத்தில் அவர் உயிர் துறந்தார். மறு ஆண்டில் உலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. அவரைச் சிறையிலிட்ட சட்டம் 1994இல் ஜெர்மனியில் முற்றிலும் நீக்கப்பட்டது. நாஜி ஆட்சியில் அச்சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தண்டனைகள் செல்லாதவை என்று 2002இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவித்தது. அவர்மீது சுமத்தப்பட்ட களங்கம், அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின் துடைக்கப்பட்டது.

நமக்கு உரிய பாடம்

டேவிஸ் கோப்பையில் நம் நாட்டுக்கும் பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில், தமிழகத்தின் இராமநாதன் கிருஷ்ணனும் வங்காளத்தின் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து, ஆஸ்திரேலியாவின் நியூகோம்ப், ரோச் இணையரை இரட்டையர் ஆட்டத்தில் வென்றனர். கோப்பை கிட்டவில்லையாயினும் அவ்வெற்றி மறக்கற்பாலது அன்று. 1974இல் இந்தியா மீண்டும் இறுதிப் போட்டியை எட்டியது. எதிரே இருந்தது தென்னாப்பிரிக்கா. நிறத்தால் மனிதரைப் பிரித்து ஒடுக்கிய அந்நாட்டு ஆட்சியைக் கண்டித்து, இந்தியா ஆடாமலே விலகியது. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் உடன்பிறப்புகள் இடம்பெற்ற வலிமை மிக்க அணி அது. முதன்முறையாகக் கோப்பையை வெல்லும் வாய்ப்பு நெருங்கி வந்திருந்தும், கொள்கைக்காக அது துறக்கப்பட்டது. ஃபான் கிராம் ஒரு புள்ளியைத் துறந்தார். நம் நாடு ஒரு கோப்பையையே துறந்தது. இரண்டும் ஒரே நெறியின்பாற்பட்டவை.

மாணவர்களே! நீங்கள் எல்லோரும் விம்பிள்டனில் ஆடப்போவதில்லை. ஆனால் பள்ளித் திடலில் பூப்பந்தும், கபடியும், கிரிக்கெட்டும் நாள்தோறும் ஆடுகிறீர்கள். கோடு தாண்டிய கால், விரலை உரசிய பந்து, நடுவர் காணாத தவறு ஆகியவை அங்கும் நிகழும். அப்போது தோழர்கள் உங்கள் முகத்தை நோக்குவர். வெற்றி உங்கள் மௌனத்தை வேண்டி நிற்கும். அந்நேரத்தில் வாய் திறந்து உண்மை சொல்வது எளிதன்று. எளிதன்று என்பதனாலேயே அஃது வீரம் எனப்படுகிறது. துணைவனோடு இணங்கிச் செல்லுதல் நன்று. ஆனால் அவ்விணக்கம் பொய்யின் நுகத்தடியில் பூட்டப்படலாகாது. பிறர் அறியாத இடத்தும் தன் நெஞ்சம் அறிந்ததற்கு மாறாக நடவாதவனே, ஆட்டத்தில் தோற்றாலும் வாழ்க்கையில் வெல்கிறான்.